எந்த ட்ரிகர் நல்லது?

காலையில் ஒரு முகநூல் குழுவில் கேட்டேன்: "எயார் ரைபிளுக்கு விலை கூடின ட்ரிகர் போடுறதா, மலிவானதே காணுமா?"

பதில்கள் குவிந்தன. மலிவானது கடுமையாக இருக்குமாம், பாதியில் சிக்குமாம். விலை கூடியதில் விரல் பட்டாலே போதுமாம், யோசிக்கவே நேரமில்லையாம்.

விலை கூடியதையே வாங்குவதென்று தீர்மானித்தேன். அசர் தொழுகைக்குப் பிறகு பழைய ரைபிளோடு இறக்காமத்திலுள்ள எங்கள் சோளச் சேனை நிலத்துக்குப் போனேன். அங்கே குரங்குகள் எதையும் விட்டுவைப்பதில்லை.

சோளத்துக்குள் ஏதோ அசைந்தது. குறிவைத்து இழுத்தேன். வழக்கம்போல் ட்ரிகர் பாதியில் சிக்கியது. திட்டிக்கொண்டே மறுபடி இழுக்கப் போனபோது உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

"ஆரு?"

"நாந்தான் மச்சான். ஆட்டுக்குப் புல்லு அறுக்கிறன்."

என் தங்கச்சியின் மாப்பிள்ளை.

ரைபிளை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். புல்லுக்கட்டோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மச்சான், குரங்கு ஓடிட்டா?"

"ஓம்" என்றேன்.

குழுவிலுள்ள நிபுணர்களே, காலையில் கேட்டதை மாற்றிக் கேட்கிறேன். யோசிக்க நேரம் தருகிற ட்ரிகர் என்ன விலை?