மச்சாளுக்கு நேர்ந்த தேங்காய்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கொழும்பு வெள்ளவத்தையில் மகன், மருமகளோடு இருக்கிறேன்.

கொஞ்சக் காலமாக நெஞ்சு இறுகி மூச்சு முட்டும். படுத்தாலும் நித்திரை வராது. இருதயத்தில் குறையில்லை, பதற்றம்தான் என்றார் டொக்டர். "சுடு தேத்தண்ணியை ஊதி ஆத்துற மாதிரி மூச்சை மெல்ல விடுங்கோ அம்மா" என்று பழக்கியும் விட்டார்.

என் புருஷனின் தங்கை, மச்சாள், உறவுக்காரர் முன்னால் சிரித்தாள். "இவவுக்கு ஒரு நோய் வருத்தமுமில்லை. மருமகளை வெருட்ட நடிக்கிறா!"

அன்றிலிருந்து அவளை நினைத்தாலே மூச்சு அடைத்தது. அவளுக்கும் அப்படியே அடைக்கவேண்டும் என்று நேர்ந்து, தேங்காய் அடிக்க ஜிந்துப்பிட்டி முருகனிடம் போனேன். தேங்காயை ஓங்கினேன். அவள் முகம் நினைவில் வந்ததும் என் நெஞ்சுதான் இறுகியது. கை அப்படியே நின்றுவிட்டது. டொக்டர் சொன்னபடி மெல்ல மெல்ல ஊதினேன். மூச்சு திரும்பியது. இவளுக்காக என் மூச்சை நான் ஏன் இழக்கவேண்டும்? தேங்காயை வீட்டுக்கே கொண்டுவந்தேன். அன்று படுத்ததும் உறங்கிப்போனேன்.

மறுநாள் மச்சாள் வந்தாள். அந்தத் தேங்காயில் சம்பல் அரைத்துப் பிட்டோடு வைத்தேன்.

"நல்ல தேங்காய். எங்க வாங்கினியள்?"

"கோயிலடியில. நீங்கள் நாசமாப் போகவெண்டு அடிக்க வாங்கினது, மச்சாள். வடிவாச் சாப்பிடுங்கோ."

அவளுக்குப் புரையேறியது.

"நடிக்காதேங்கோ" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

நான் அவளை மன்னிக்கவில்லை. ஆனால் இப்போது நித்திரை வருகிறது.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி பாப்பம். சத்தமா வாசி பிள்ளை, மச்சாள் வந்து முன் ஹோலில இருக்கிறா.