லண்டனுக்கு எழுதிய பிறந்த திகதி

எங்கள் கல்லூரியில் லண்டன் வேலை என் தலையில் விழுந்ததற்கு என் திறமை காரணமில்லை. மற்ற ஆசிரியர்கள் மாலையில் ரெனிஸ் ஆடினார்கள்; எனக்கு ஆட வராது. ஆட வராதவனுக்கு ஆங்கிலமாவது வரும் என்று அதிபர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிக்கலாம். அதற்குரிய படிவங்களை நிரப்பி அனுப்புவதும், அங்கிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. விதிப் புத்தகம் ஒன்றும் தந்தார்கள். வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அது வேறொன்றைச் சொன்னது. கப்பலில் கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை மாதம். பதில் வரும்போது கேள்வி எனக்கு மறந்திருக்கும்.

நீர்வேலியைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியை புகுமுகப் பரீட்சையில் சித்தியடைந்து, பட்டப் படிப்புக்குப் பதிய விண்ணப்பித்தார். கார்த்திகைத் தொடக்கத்தில் லண்டன் கேட்டது: முதற் படிவத்தில் இவர் பிறந்தது ஒரு வியாழக்கிழமை, இப்போது அனுப்பிய பிறப்புப் பத்திரத்தில் மறுநாள் வெள்ளிக்கிழமை. எது சரி? அது தெரியும்வரை பதிவில்லை.

இரண்டையும் அனுப்பியவன் நான்தான். முதல் திகதியை அவருடைய சாதகத்திலிருந்து எடுத்திருந்தேன். தகப்பனாரை அழைப்பித்தேன். வாழைத்தோட்டக்காரர்; மகளோடு வந்தார்.

"மாஸ்ரர், சாதகம் பிழையெண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன். உதைப் பாத்துத்தான் கொடிகாமத்து மாப்பிளை வீட்டார் பொருத்தம் சொன்னவை."

"அப்ப பிறப்புப் பத்திரம் பிழையோ?"

"அதென்னெண்டு பிழைக்கும்? நானெல்லோ போய்ப் பதிஞ்சனான்!"

"ரண்டும் எப்பிடிச் சரியாகும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களை இதிலை இருத்தி வைச்சிருக்கினம். தையிலை கலியாணம், மாஸ்ரர். அதுக்கு முன்னம் லண்டன்காரன் பதிஞ்சால் பிள்ளை படிச்சு முடிக்கட்டும், கலியாணத்தைப் பிறகு பாப்பம். இல்லாட்டி மணவறைதான்."

தைக்கு முன் ஒரு கடிதம் போய்வரத்தான் நாளிருந்தது. நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். சாதகம் பற்றி அதில் ஒன்றுமில்லை.

"ஐயா, நான் எத்தினை மணிக்குப் பிறந்தனான்?" என்று மகள் கேட்டார்.

"விடியப்புறம் நாலு மணிக்கு."

மகள் என் பக்கம் திரும்பினார். "சேர், சாதகக்காரருக்குச் சூரியன் உதிச்சால்தான் அடுத்த நாள். வெள்ளைக்காரனுக்கு நடுச்சாமத்தோடை நாள் மாறிடும். ரண்டும் சரிதானே?"

பஞ்சாங்கம் பாராமல் தலைமயிர்கூட வெட்டாதவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

"ரண்டு வரி எழுதினால் காணும், சேர்" என்றார் போகும்போது.

இரண்டு வரியில் லண்டனுக்கு எதையும் விளக்கிவிட முடியும் என்று எனக்குப் படவில்லை. மூன்று பக்கம் எழுதினேன். சூரியோதயம், நாழிகை எல்லாம் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று, நமக்கும் லண்டனுக்கும் உள்ள நேர வித்தியாசத்தையும் சேர்த்தேன்.

மார்கழிக் கடைசியில் பதில் வந்தது. ஆசிரியைக்கு ஆளனுப்பினேன், மூச்சு வாங்க வந்தார். பதிவு இலக்கம் கிடைத்திருந்தது. அதன் கீழே, என்னுடைய தெளிவான விளக்கத்துக்கு நன்றி கூறி, பிறந்த நாளைச் சனிக்கிழமைத் திகதியாகத் திருத்திக்கொண்டதாக எழுதியிருந்தார்கள்.

நான் உடனே ஒரு தாளை எடுத்தேன். அவர் மைக்கூட்டின் மேல் கையை வைத்துவிட்டார்.

"சேர், கும்பிட்டுக் கேக்கிறன், இனி லண்டனுக்கு ஒண்டும் எழுதாதேங்கோ."

"திகதி பிழையெல்லோ, பிள்ளை?"

"இலக்கம் சரிதானே. நான் சனிக்கிழமை பிறந்தவளாவே படிக்கிறன். ஐயாவுக்கு மட்டும் கிழமையைச் சொல்லிப்போடாதேங்கோ."

கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்த இடத்தில் பிழைத்தேன் என்று பார்க்க, நான் அனுப்பிய மூன்று பக்கத்தின் பிரதியை எடுத்து, விரல்விட்டு எண்ணி எண்ணி வாசித்தேன். எனக்கும் சனிக்கிழமைதான் வந்தது.