கதவுக்கு உள்பக்கத்திலிருந்து

இதைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் "நல்லா ஜோடிச்சிருக்கீங்க" என்று சொல்ல வேண்டாம். எனக்குச் சுவர் கட்டத் தெரியும், கதை கட்டத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவன் நான். நடந்தது செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். மணி கூடச் சொல்கிறேன். இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பத்தெட்டு வரை.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் நான்கு மாடியும் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து, துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். அசைய மாட்டாள். அதை அங்கிருந்த பேராசிரியர் ஒருநாள் பார்த்துவிட்டார். அவருடைய ஆராய்ச்சியே அதுதான். படிப்புக்கு மார்க் போடுகிற மாதிரி ஆன்மிகத்துக்கும் மார்க் போடலாமாம். கணக்கில் புலி என்று சிலரைச் சொல்கிறோமே, அதுபோல ஆன்மாவிலும் புலிகள் உண்டாம். கருவியை வைத்து அதை நிரூபிப்பாராம்.

இவளை உட்காரவைத்து நூறு கேள்வி கேட்டார்கள். மரணத்தை நினைத்தால் பயம் உண்டா என்று ஒரு கேள்வி. "மூணாவது மாடி கக்கூஸ ஒருவாட்டி கழுவிப் பாருங்க சார், அப்புறம் எதுக்கும் பயம் வராது" என்றாளாம். அந்த நிலையத்திலேயே அவளுக்குத்தான் அதிக மார்க். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அப்படி என்னதான்டி பண்ற கண்ண மூடிக்கிட்டு?" என்று கேட்டேன்.

"கால் வலிங்க. கண்ண மூடினா வலி கொஞ்சம் தள்ளிப் போய் நிக்குது. அவ்வளவுதான்."

அடுத்து ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒலி புகாத அறையில் தலையில் கம்பி மாட்டி உட்காரச் சம்மதமா என்று கேட்கிற தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள், கைநாட்டு வை என்று சொன்னவன் நான்தான். கைநாட்டு வைத்த எட்டாம் நாள் அவளைப் போர்த்தித்தான் எடுத்து வந்தார்கள். தியானத்திலேயே அமைதியாகப் போய்விட்டாராம். இறந்த நேரம் இரண்டு ஐம்பத்தெட்டாம். பேராசிரியர் என் தோளைத் தட்டி, எல்லோருக்கும் இப்படி வாய்க்காது என்றார்.

நான் எழுத்துப் பழகியதே, வீட்டில் தங்கிவிட்ட அந்தத் தாளின் நகலைப் படிக்கத்தான். இரண்டு வருடம் ஆனது. ஒன்பதாவது வரி இப்படி இருந்தது: 'பதிவு முடியும்வரை கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கப்படும்.'

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அமைதியாகத்தான் போனாளா? இல்லை, திறக்கச் சொல்லிக் கூப்பிட்டாளா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். ஆறு தடவை போய்க் கேட்டேன். ஆறு தடவையும் அமைதி, அமைதி என்றே சொன்னார்கள். அமைதியாம்.

ஆராய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலை அளக்கிறார்கள், ரத்தத்தை அளக்கிறார்கள். இதையும் அளக்கட்டும். ஆனால் அளக்கிறவன் முதலில் உள்ளே இருப்பது மனுஷி என்று நினைக்க வேண்டும்.

ஆறாவது வருடம் அந்த நிலையம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழையதைப் பிரித்துப் போடுகிற வேலை எங்கள் மேஸ்திரிக்கு வந்தது. அவள் போனதிலிருந்து பூட்டியே கிடந்த அந்த ஒலி புகாத அறையை நான் கேட்டு வாங்கினேன். துணைக்குச் சொட்டை வந்தான். தலையில் முடியில்லாததால் அந்தப் பெயர். கூலிக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய் ஓயாதவன். அறையைப் பார்த்ததும், "அண்ணே, என் பொண்டாட்டியோட நான் சண்ட போடுறதுக்கு இந்த மாதிரி ஒரு ரூம் கட்டிக் குடுங்க" என்றான்.

பத்தடிக்குப் பத்தடி. ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தது. கதவு ஒரு சாண் கனம். உள்பக்கம் கைப்பிடி இல்லை. அந்த மாடிக்கு மின்சாரத்தைக் காலையிலேயே துண்டித்துவிட்டார்கள். கூரையில் ஒலிபெருக்கி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். அதில் டேப் சுற்றிய இரண்டு கம்பி தொங்கியது. பேட்டரி விளக்கை வைத்துக்கொண்டு பலகையைச் சுரண்டி எடுத்தோம்.

இரண்டு பத்துக்குச் சொட்டை மூட்டைகளை லாரியில் ஏற்றக் கீழே போனான். கதவுக்குக் கட்டை வைத்திருந்தோம். அவன் போன கொஞ்ச நேரத்தில்... கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கட்டை நழுவியிருக்கும் என்று நினைத்தேன். கத்தினேன். என் குரல் என் வாயைத் தாண்டவில்லை. போனில் சிக்னல் இல்லை. சரி, வருவான் என்று கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்த அறையில் சும்மா இருந்தால் நம் நெஞ்சு அடிப்பது நமக்கே கேட்கும்.

முதலில் வாசனை வந்தது. தரை கழுவுகிற ஃபினாயில்.

ஆறு வருடமாக யாரும் கழுவாத தரை அது. கையை வைத்துப் பார்த்தேன். ஈரம்.

மணி இரண்டு பத்தொன்பது.

டொக்... டொக்...

சொட்டை வந்துவிட்டான் என்று எழுந்தேன். எழுந்த பிறகுதான் உறைத்தது. வெளியே தட்டினால் உள்ளே கேட்காது.

தட்டு உள்பக்கம்.

என் இடுப்புக்குப் பக்கத்தில்.

விளக்கைத் திருப்பினேன். யாரும் இல்லை. கதவுப் பலகை மட்டும்... ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே அமுங்கியது.

டொக்... டொக்...

"சார்... கதவத் தெறங்க சார்..."

அவள் குரல். என் உயிர் போனது.

"நான்தான்டி வந்திருக்கேன்."

அவளுக்கு நான் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப 'சார்' என்றுதான் கூப்பிட்டாள்.

மணி இரண்டு நாற்பது. கூரையில் கரகரவென்று ஒரு சத்தம்... அப்புறம் ஓர் ஆண் குரல். பொறுமையான குரல்.

"சத்தம் போடாதீங்கம்மா. நல்லா வருது. இன்னும் கொஞ்ச நேரம்."

நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டை. டேப் சுற்றிய கம்பி.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுத்தியலை எடுத்துக் கூரையைப் பார்த்து அடித்தேன். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன்.

தட்டு நிற்கவில்லை.

மெதுவானது...

இன்னும் மெதுவானது...

இரண்டு ஐம்பத்தெட்டு. நின்றது.

கதவு திறந்தது. சொட்டை நின்றான். "என்னண்ணே, கட்ட கீழ கெடக்கு..." என்று தொடங்கியவன் என் முகத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான்.

கீழ்த்தளத்தில் பேராசிரியரின் உதவியாளப் பெண் பழைய பதிவுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் போன அன்று அவர்தான் பேராசிரியரோடு அறைக்கு வெளியே இருந்தவர். சுத்தியலோடு அவர் எதிரில் போய் நின்றேன். நான் எதுவும் கேட்கவில்லை. மேலே கேட்டதை மட்டும் அப்படியே சொன்னேன்.

"சத்தம் போடாதீங்கம்மா. நல்லா வருது. இன்னும் கொஞ்ச நேரம்."

"இத யாரு சொன்னாங்க உங்களுக்கு?" என்றார். அதைப் பேராசிரியர் சொன்னபோது பக்கத்தில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லையாம். எந்தப் பதிவிலும் அது கிடையாதாம்.

"அவ தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் தெறக்கல?"

அவர் பெட்டியிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து விரித்தார். மேலே நேரம் அச்சாகியிருந்தது. அதன் கீழ் இரண்டு கோடு. ஒன்று இதயத் துடிப்பு, இன்னொன்று அறைக்குள் கேட்ட சத்தம் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். சத்தக் கோட்டில் முதல் தட்டு இரண்டு பத்தொன்பதுக்கு. கடைசித் தட்டு இரண்டு ஐம்பத்தெட்டுக்கு.

இதயக் கோடு இரண்டு பதினேழுக்கே படுத்துவிட்டது. அதற்குப் பிறகு கடைசிவரை எழவே இல்லை.

இரண்டு முறை படித்தேன். விரலை வைத்து மூன்றாவது முறையும் படித்தேன்.

"கம்பி கழண்டிருக்கும்னு நான் ஓடுனேன்" என்றார் அந்தப் பெண். "சார்தான் கையப் பிடிச்சு நிறுத்துனாரு. கம்பி கழலல, இதயந்தான் நின்னிருக்கு, ஆனா தட்டுறா பாருன்னாரு. கதவத் தெறந்தா தட்டுறது நின்னுடும், மறுபடி கெடைக்காதுன்னாரு."