முரடனுக்கு ஒரு பறிப்பு நாள்

என் சித்திக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். இறங்க இறங்க எதிரில் நிற்பவர்கள் பின்னால் நகர்வார்கள். கூட்டுறவு ஒயின் ஆலையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். “மிளகாய் வருது” என்று வாசலில் யாராவது முணுமுணுத்தால் உள்ளே சிகரெட்டுகள் அணையும், காரணமே இல்லாமல் யாரோ ஒருவர் துடைப்பத்தைக் கையில் எடுப்பார். இந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். “பரவாயில்ல, சர்க்கரைன்னு வைக்காம விட்டாங்களே” என்பாள்.

வேளாண் கல்லூரியில் படித்துவிட்டு வந்து அங்கே தொட்டிப் பொறுப்பாளர் ஆனவள். சாக்கடைப் பக்கம் சரியும் சிமெண்ட் தரை, வரிசையாக எஃகுத் தொட்டிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சிலேட்டு. எந்தத் திராட்சை, எந்த மேடு, எப்போது பறித்தது என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். ரப்பர் பூட்ஸ், தலையில் துணி, எந்நேரமும் ஈரமாக இருக்கும் வலது சட்டைக்கை. சித்தியை நினைத்தால் எனக்கு முதலில் அந்த ஈரச் சட்டைக்கைதான் நினைவுக்கு வரும். நான் கடல் தாண்டி வந்து வருஷங்கள் ஆகின்றன. அதனால் இந்தக் கதையில் பாதியை சித்தப்பா போனில் சொல்லித்தான் கேட்டேன். அவர் அந்தக் கூட்டுறவுச் சங்கத்து லாரி ஓட்டுகிறவர். மீதியை விடுப்பில் போனபோது நேரில் பார்த்தேன்.

எங்கள் ஊர் மலைச் சரிவுகளில் இரண்டு திராட்சை விளைகிறது. ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய பெயர்க்காரன். உலகத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பெயர் தெரியும். எங்கள் ஆட்கள் அதைத் துரை என்பார்கள். துரைக்கு வெயில் ஆகாது, மழை ஆகாது, காற்று நின்றாலும் ஆகாது. தோல் மெல்லிசு. குலையில் பழங்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடக்கும். ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனால் நடுவிலிருந்து பூஞ்சை பிடிக்கும். மருந்து அடித்து அடித்து ஊரில் பாதிப் பேருக்கு இருமல்.

இன்னொன்று, அந்த மண்ணுக்கென்றே பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்கியது. தடித்த தோல், இடைவெளி விட்டுத் தொங்கும் குலை, மழை பெய்தால் உதறிவிட்டு நிற்கும். நிலையம் அதற்கு ஒரு எண் கொடுத்ததோடு சரி. முரடன் என்று பெயர் வைத்தது எங்கள் ஆட்கள்தான். வைத்துவிட்டு அதை மதிக்கவும் இல்லை. முரடனில் ஒயின் செய்தால் புளிக்கும், பல் கூசும். வருஷா வருஷம் ருசி பார்க்கும் குழு அதற்குக் கடைசி மார்க் போடும். குழுவில் முதல் ஆள் சித்திதான்.

ஒரு குளிர்காலம், கொடி வெட்டப் போன இடத்தில், இலை மறைவில் பறிக்கத் தவறிய ஒரு முரடன் குலை தொங்கியது. சித்தி சும்மா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். நல்ல பழுப்பு, வறுத்த மாதிரி. அறுவடையில் அவள் பார்த்த முரடன் விதையெல்லாம் பச்சை. அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று சித்தப்பா நினைத்தாராம்.

“என்னாச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்லங்க. இத்தனை வருஷமா காயைப் பறிச்சுட்டு வந்து, ஏன் புளிக்கிறேன்னு அதையே திட்டிட்டு இருந்திருக்கேன்.”

“அதான் முரடனாச்சே. ரெண்டு திட்டு தாங்கும்.”

“நான் தாங்கணுமே.”

விஷயம் இவ்வளவுதான். சங்கத்தின் எடைமேடை துரைக்காகத் திறந்து துரைக்காக மூடும். துரை பழுத்ததும் பிழியும் எந்திரத்தை வாடகைக்கு எடுப்பார்கள், லாரி எல்லாத் தோட்டத்துக்கும் போகும், துரை முடிந்ததும் மேடைக்குப் பூட்டு. முரடன் பழுக்க அதற்கு மேலும் மூன்று வாரம் வேண்டும். யார் காத்திருப்பார்கள்? துரையோடு துரையாக அதையும் அறுத்துக் கூடையில் போட்டார்கள். யாரும் சதி செய்யவில்லை. யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு இன்றுவரை ஆத்திரம் வருவது அங்கேதான். சதி என்றால் ஆளைப் பிடித்துச் சட்டையை உலுக்கலாம். பழக்கத்தின் சட்டையை எங்கே பிடிப்பது?

சித்தி நேராக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள். அந்த ரகத்தை உண்டாக்கிய அதிகாரி இன்னும் அங்கேதான் இருந்தார்.

“தாமதமாத்தான் பழுக்கும்னு நாங்க ஆரம்பத்துலயே சொன்னோமேம்மா.”

“சொன்னீங்க. ஒயின் சோதனைக்கு நீங்க எப்பப் பறிச்சீங்க?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லாரி வந்த அன்னைக்கு.”

“யார் லாரி?”

“உங்க சங்கத்து லாரிதான்.”

வீட்டுக்கு வந்து சித்தப்பாவின் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாளாம். “நீங்கதானே ஓட்டினீங்க?”

“ஓட்டச் சொன்னாங்க, ஓட்டினேன். பழம் பழுத்திருக்கான்னு ஸ்டீயரிங்குக்குத் தெரியுமா? தட்டைக் குடு.”

இதற்குள் சங்கம் வேறொரு முடிவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. முரடனை வேரோடு பிடுங்கிவிட்டு எல்லோரும் துரைக் கன்று நட வேண்டும், அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம். கொண்டு வருகிறவர் சங்கத் தலைவர். தலைவர் வேறு யாருமில்லை, சித்தியின் சொந்த அண்ணன், என் மாமா. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. எதற்கு இரண்டு என்று கேட்டால் ஒன்று எழுதாவிட்டால் என்பார். சொத்துப் பிரித்தபோது மேல் சரிவு அவருக்கு, துரை. கீழ்ச் சரிவு சித்திக்கு, முரடன். பிடுங்கச் சொல்லும் கொடிகளில் பெரும்பகுதி தங்கையின் கொடிகள்.

மாமா வீட்டு முன்னறையில் அந்தச் சண்டை நடந்தபோது நான் இருந்தேன். அத்தை டீயை வைத்துவிட்டு உள்ளே போனவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

“ஒரு வருஷம், அண்ணா. முரடன் பழுக்கிற வரைக்கும் மேடையைத் திறந்து வை. அப்புறமும் புளிச்சா நானே கடப்பாரை எடுத்துட்டு வரேன்.”

“கடையில போய் முரடன் ஒரு பாட்டில் குடுங்கன்னு எவன் கேப்பான்? துரைன்னா உலகத்துக்கே தெரியும்.”

“அதான் பிரச்சினை. உலகமே அதைச் செய்யுது, நம்மளவிட நல்லா செய்யுது. நாம அழுகினது போக மிச்சத்தைப் பொறுக்கிச் செய்யறோம்.”

“உனக்காக மேடையத் திறந்தா நாளைக்கு ஊரே கேக்கும். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்.”

“சட்டமில்ல. பூட்டு.”

அத்தை கதவுக்குப் பின்னால் சிரித்துவிட்டாள். மாமா அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார்.

அந்த அறுவடைக்கு லாரி வந்தபோது சித்தி தன் தோட்டத்தில் ஒரு குலைகூட அறுக்க விடவில்லை. லாரியை ஓட்டி வந்த சித்தப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஊருக்கு ஒரே கொண்டாட்டம். கோபத்தில் விளைச்சலைக் குருவிக்கு விடுகிறாள் என்றார்கள். குருவியும் வந்தது. சித்தப்பா வீட்டிலிருந்த பழைய சி.டி.யையெல்லாம் நூலில் கட்டித் தொங்கவிட்டார். அவர்கள் கல்யாண சி.டி.யும் அதில் போயிற்று. “இதையாவது விட்டிருக்கலாம்” என்றாள் சித்தி. “அதைப் பாத்துத்தான் குருவி ரொம்ப பயப்படுது” என்றார் அவர்.

பிறகு மழை வந்தது. துரைப் பறிப்பு பாதியில் இருக்கும்போதே வந்தது. மாமாவின் மேல் சரிவில் குலைகள் சாம்பல் பூத்துப் போயின. எடைமேடையில் வண்டி வண்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. கீழே முரடன் ஒன்றுமே நடக்காதது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

பழுத்ததும் சித்தி பறித்தாள். மேடையில் பூட்டு, சாவி மாமாவிடம். அவள் சாவி கேட்கவில்லை. “எடை வேண்டாம், காசும் வேண்டாம், ஒரு தொட்டி போதும்” என்று பழத்தைப் பின் வாசல் வழியாக உள்ளே இறக்கினாள். கையால் சுற்றும் பழைய எந்திரத்தில் காம்பு நீக்கி நசுக்கினாள். மாமா வந்தார். இடுப்பில் கை வைத்து நின்றார். அழுகல் வருஷம், பாதித் தொட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. தொட்டி இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மாதங்கள் கழித்து ருசி பார்க்கும் நாள். எந்தக் கோப்பையில் எது என்று சொல்லாமல் ஊற்றினார்கள். மாமா ஒரு கோப்பையில் இரண்டாம் முறை உறிஞ்சினார். உறிஞ்சிவிட்டு, “இது எந்த மேட்டுத் துரை?” என்றார்.

“கீழ்ச் சரிவு முரடன்” என்றாள் சித்தி.

மாமா கோப்பையை மேஜையில் வைத்தார். மறுநாள் காலை சித்தி வேலைக்குப் போனபோது அந்தத் தொட்டியின் சிலேட்டில் ‘துரை, தனி ரகம்’ என்று எழுதியிருந்தது. மாமாவின் கையெழுத்து. பெரிய கடைகளுக்கு வாங்குகிற அம்மா ஒருவர் வரப்போகிறார், மாதிரி பாட்டில் அந்தப் பெயரிலேயே அனுப்பியாகிவிட்டது.

சித்தி அவர் அறைக்குப் போனாள். குரல் அடிமட்டத்தில் இருந்தது என்று வாசலில் நின்ற சித்தப்பா சொன்னார்.

“என் பிள்ளை மார்க் வாங்கினா, அடுத்த வீட்டுப் பிள்ளை பேர்ல சர்டிபிகேட் எழுதிக் குடுப்பியா?”

“ரெண்டும் சங்கத்துப் பேர்லதானே விக்குது. எதுக்கு இப்படிக் குதிக்கிற?”

“அப்ப பிடுங்கற தீர்மானம்?”

மாமா பேனாவைத் திருகினார். “அது... தீர்மானம் தீர்மானந்தான்.”

நல்ல பெயர் துரைக்கு, கடப்பாரை முரடனுக்கு. போனில் இதைக் கேட்டபோது நான் முதலில் நம்பவில்லை. அவர் என் மாமா. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். மனசறிந்து ஒரு பொய்யை சாக்பீஸால் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிற மனுஷர் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

சித்தி சிலேட்டை அழித்து முரடன் என்று எழுதினாள். மறுநாள் துரை ஆகியிருந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி மாறியது. அண்ணன் தங்கை இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளாமல் சாக்பீஸிலேயே சண்டை போட்டார்கள். வாங்குகிற அம்மா வருகிற நாளுக்கு முன்னால் சித்தி வீட்டுக்கு வந்து, “ஏங்க, லாரிக்கு பேர் எழுதற பெயிண்ட் மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள்.

சித்தப்பா லாரி எழுத்தில் கைதேர்ந்தவர். சங்கத்துத் தொட்டியில் கை வைத்தால் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். “போனா போகுது, எழுதற வேலை எங்கயாவது கிடைக்கும்” என்றாராம். தொட்டியின் வயிற்றில், ஆள் உயரத்துக்கு, சிவப்பில் முரடன் என்று எழுதினார். எழுத்துக்கு மஞ்சள் நிழல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிளி.

“கிளி எதுக்கு?” என்றாள் சித்தி.

“கிளி இல்லாம நான் எழுதினதே இல்ல.”

மாமா அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். அந்த அம்மா நிதானமாகப் படித்தார். கிளிகளையும் பார்த்தார்.

“முரடன்னா?”

“திராட்சையோட பேரு” என்றாள் சித்தி.

“மாதிரியில துரைன்னு இருந்துச்சே.”

மாமா மேல் பையைத் தடவினார். அங்கே பேனாக்கள் மட்டும்தான் இருந்தன. “அது துரை இல்ல. இவன் பழுக்கவே துரைக்கு மேல மூணு வாரம் காத்திருக்கணும். துரை மழைக்கே படுத்துட்டான்” என்று சித்தி தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்து நீட்டினாள்.

அந்த அம்மா குடித்தார். அவருக்குக் கோபமும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை. “துரை எனக்கு நாலு நாட்டுலேர்ந்து வருது, உங்களைவிட மலிவா. இது வேற எங்கயும் கிடைக்காது, இல்ல? ஆனா பேரு முன்னாடி வேண்டாம். ஜனங்க பயப்படுவாங்க. பின்பக்கம் சின்னதா போடுங்க.”

மாமா உயிர் வந்தவராகத் தலையாட்டினார். சித்தி தலையாட்டவில்லை.

பொதுக்குழுவில் மாமா எழுந்து, பிடுங்கும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகவும், இனி முரடன் முடியும்வரை எடைமேடை திறந்திருக்கும் என்றும் சொன்னார். பொய் எழுதினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைதட்டினார்கள், அவருக்கு. சித்தி பின் வரிசையில் ஈரச் சட்டைக்கையோடு உட்கார்ந்திருந்தாள் என்றார் சித்தப்பா.

போன மாதம் இங்கே ஒரு கடை அடுக்கில் அந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு சித்திக்குப் போன் போட்டேன்.

“முன்னாடி என்ன இருக்கு?”

“ஒரு மலைப் படம்.”

“பேரு?”

“பின்னாடி இருக்கு சித்தி. படிக்க முடியுது.”

“கண்ணாடி போட்டா, போடாமலா?”

போனில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படித்திருந்தேன். அதைச் சொன்னதும் மறுமுனையில் குரல் இறங்க ஆரம்பித்தது. நல்லவேளை, இடையில் கடல் இருந்தது.

இந்த அறுவடைக்கு விடுப்பில் போயிருந்தேன். மாமா கீழ்ச் சரிவுக்கு நடந்தே வந்தார். பூட்ஸில் சேறு. பேனாவை எடுத்து, “தேதி சொல்லு, பலகையில எழுதிப் போடணும்” என்றார்.

“தேதியெல்லாம் கிடையாது. வாயைத் திற.”

தலைவர் வாயைத் திறந்தார். சித்தி ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தாள். அவர் மென்று விதையை உள்ளங்கையில் துப்பினார்.

“என்ன கலர்?”

“பச்சையாத்தான் இருக்கு.”

“அப்ப போயிட்டு அடுத்த வாரம் வா. வரும்போது அந்த லேபிள் அடிக்கிறவனையும் கூட்டிட்டு வா. எழுத்து எவ்வளவு பெருசுன்னு நான் அளந்து காட்டறேன்.”

மாமா பேனாவை மூடிப் பையில் செருகினார். விதை இன்னும் கையிலேயே இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே மேட்டில் ஏறிப் போனார். சித்தி அடுத்த வரிசைக்குப் போய் இன்னொரு பழத்தைக் கடித்தாள்.