டீ சிந்தாத திங்கட்கிழமை

என் கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், மனு டைப்பிங் எல்லாம் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அன்றைக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் பட்டா, பாதை, வாய்க்கால் என்று ஆளுக்கொரு குறையோடு கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல மனு அடிப்பது அக்கா.

அக்கா என்று கூப்பிடுவேனே தவிர உறவு கிடையாது. என்னைவிட எட்டு வயது மூத்தவர், என் கடையில் வேலை செய்கிறார். அழுகையும் வசவுமாக ஒருவர் அரை மணி நேரம் சொல்வதை முக்கால் பக்கத்தில் அடக்கிவிடுவார். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக மடங்கவில்லை, லேசான நடுக்கமும் தங்கிவிட்டது. என்டரும் பேக்ஸ்பேஸும் வலது சுண்டு விரலின் வேலை. ஒரு வரி முடிவதற்குள் மூன்று முறை தப்புத் தட்டிவிட்டு, "கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது தம்பி. நான் நின்னுடட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

அப்போதுதான் நான் பெரிய மனிதனானேன். இணையத்தில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, புரோகிராம் செய்யக்கூடிய மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை வரவழைத்தேன். எந்தப் பட்டன் என்ன வேலை செய்ய வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் படம் போட்டதுபோல் பட்டன்களை அமைத்து, அதை ஒரு ஃபைலாக எடுத்து, கீபோர்டுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்குப் பெயர் ஃப்ளாஷ் செய்வது. எஸ்கேப் பட்டனை அழுத்திக்கொண்டே ஒயரைச் சொருகினால் கீபோர்டு புது ஃபைலுக்கு வாயைத் திறக்கும். முடிகிற வரை ஒயரைப் பிடுங்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தை.

என்டரை இடது பக்கம் கேப்ஸ் லாக் இருந்த இடத்துக்கும், பேக்ஸ்பேஸை இடது கட்டை விரலுக்கும் கொண்டுவந்தேன். மனுவில் எப்போதும் வருகிற வரிகளுக்குத் தனிப் பட்டன் வைத்தேன். ஒன்றைத் தட்டினால் "மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்" என்று தானாக ஓடும். அக்கா முதல் முறை அதைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். இரண்டே வாரத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி விளக்கினேன்.

அந்தத் திங்கட்கிழமை கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "பட்டா மாறுதல்னா அதுக்கும் ஒரு பட்டன் வெக்கலாமாங்க?" என்று கேட்டார். "அஞ்சு நிமிஷம்" என்றேன். கூட்ட நேரத்தில் கைவைக்காதே என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லத்தான் செய்தது. அக்கா எழுந்து ஒரு அம்மாவின் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போனார். அவருடைய டீ கிளாஸ் மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்தக் கீபோர்டு இரண்டு வகையில் வரும். ஒன்றில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மூலையில் திருகு குமிழ் இருக்கும், எங்களுடையதில் இல்லை. அவசரத்தில் குமிழ் உள்ள வகையைத் தேர்ந்தெடுத்து ஃபைல் எடுத்துவிட்டேன். பழைய ஃபைலையும் தனியாக எடுத்து வைக்கவில்லை, அதன் மேலேயே சேமித்தேன். ஏற்றி முடித்தேன். ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. பிடுங்கிச் சொருகினேன். எஸ்கேப்பை அழுத்திச் சொருகினேன். செத்துக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர் நாசூக்காக நழுவிவிட்டார்.

அக்கா திரும்பி வந்து தட்டிப் பார்த்தார். பிறகு டீ கிளாஸைப் பார்த்தார். மேசையில் கிளாஸ் வைத்த வட்டம் ஈரமாக இருந்தது.

"தம்பி, நான்தான் டீய சிந்திட்டனா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் இருபது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் முன்புவரை அவர்களிடம்தான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம்லக்கா" என்றேன்.

அவர் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அன்று முழுவதும் பழைய கீபோர்டில், தப்பும் தவறுமாக, வந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடித்தார். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அடுத்த நாள் அவர் வருவதற்கு முன் கடையைத் திறந்து, முதல் நாளே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். ஸ்பேஸ் பட்டனைக் கழற்றினால் அடியில் ஒரு சின்ன ரீசெட் பொத்தான். அதை அழுத்தியதும் கீபோர்டு உயிர்பெற்றது. சரியான ஃபைலை ஏற்றினேன், எல்லாப் பட்டனையும் மறுபடி அமைத்தேன். அக்கா வந்ததும் "காஞ்சதும் சரியாயிடுச்சு" என்றேன். முதல் பொய்யாவது வாயில் வந்துவிட்டது. இதை யோசித்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் உள்ளே டீ குடிப்பதில்லை. வெயிலானாலும் மழையானாலும் கிளாஸை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நிற்பார், இடது கையில் பிடித்துக்கொண்டு. இதை ஆறு மாதம் தினமும் இரண்டு வேளை பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம், கூட்டம் இல்லாதபோது சொல்லலாம் என்று தள்ளினேன். உண்மையில் அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் பயம்.

போன மாதம் மனு எழுத வந்த ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தார். "தள்ளி வையிங்கம்மா, நான் ஒரு வாட்டி கெடுத்துட்டேன்" என்றார் அக்கா. அந்த அம்மா போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த மாசத்தோட நின்னுக்கறேன். இன்னொரு வாட்டி இந்தக் கை எதையாவது பண்ணிடுமோன்னு பயத்துலயே ஒக்காந்துனு இருக்கறேன்."

அப்போதுதான் சொன்னேன். நிற்கிறேன் என்று அவர் சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

"அன்னைக்கு டீ சிந்தலக்கா. தப்பான ஃபைலப் போட்டு நான்தான் கெடுத்தேன். அடுத்த நாள் நானே சரி பண்ணினேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வலது கையை மேசைமேல் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மடங்காத அந்த இரண்டு விரல்களையும் இடது கையால் மெல்லத் தடவினார்.

"ஆறு மாசமா இதத்தான் தம்பி திட்டினு இருந்தேன்" என்றார்.