எப்போதும் கடைசியில் வருகிற வண்டி

கியர் மாற்றும்போதெல்லாம் ஷார்ஷென் முதுகு சொறிந்துகொள்வது போலத் தெரியும். அவருடைய வண்டியில் இன்ஜின் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கியர் தண்டு அதற்கும் பின்னால், இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் வலது இடுப்பைத் தாண்டி இருக்கிறது. கையைப் பின்னால் விட்டு, முகத்தைச் சுளித்து, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் போலத் துழாவுவார். உள்ளே எதுவோ கனைக்கும். "ஆங், கிடைச்சிருச்சு" என்பார். எத்தனையாவது கியர் என்று கேட்டேன்.

"அதையெல்லாம் கேக்காதே தம்பி. கிடைச்சதுல போறோம்."

ஐம்பத்தெட்டு வயது. அகலமான ஆள். வெள்ளைக் கம்பளித் தொப்பியின் உச்சி வண்டிக் கூரையில் இடித்து இடித்து மடங்கிவிட்டது. அதை நிமிர்த்துவதை எப்போதோ விட்டுவிட்டார். கோடையில் ஆடு மேய்ப்பவர், குளிர்காலத்தில் நாரின் நகரத்தைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்கு நிலக்கரியும் வைக்கோலும் ஏற்றிப் போகிறவர். நிலக்கரி அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பனிக்காலம் முடிந்துவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். கேட்டால் மறுக்கமாட்டார். "இல்லேப்பா, பாதிப் பனிக்குள்ள போயிருவேன்" என்று திருத்துவார்.

வண்டியை அவர் வாங்கிய கதையை அவர் வாயாலேயே கேட்கவேண்டும். ராணுவக் கிடங்கில் பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆட்டுப் பட்டிக்குப் போர்த்த ஒரு கித்தான் வாங்கப் போனார். "நல்ல கித்தான் தம்பி. ஒரு கிழிசல் கிடையாது. விலை பேசி முடிச்சு, இழுத்துப் பாத்தா அடியில லாரி நிக்குது. சேர்த்துத்தான் எடுக்கணும்னு அந்த அதிகாரி சொல்லிட்டான்." ஓட்டிப் பார்த்தாரா? பார்த்தார். சரிவில் விட்டுக் காட்டினார்களாம். நன்றாகத்தான் போனதாம். நான்கு சக்கரமும் இழுக்கிற அந்த ரகத்தை எங்கள் பக்கம் எல்லோரும் ஷிஷிகா என்பார்கள். அது பெட்ரோலைக் குடித்த குடியில் முதல் குளிர்காலத்திலேயே இரண்டு குதிரைகள் கைவிட்டுப் போயின. பிறகு, மூலையில் செத்துக் கிடந்த ஒரு டிராக்டரின் டீசல் இன்ஜினைப் பிடுங்கி இதில் வைத்தார். அன்றிலிருந்து வண்டி, தான் லாரி என்பதை மறந்து உழுகிற நினைப்பிலேயே போகிறது.

தார் ரோட்டில் மணிக்கு நாற்பத்தைந்து. காற்று பின்னாலிருந்து அடித்தால் ஐம்பது. ஹாரன் வேலை செய்யாது. "எதுக்கு ஹாரன்? நான் யாரை முந்தப் போறேன்?" பின்னால் ஒரு வண்டியின் மூக்கு தெரிந்ததும் ஓரம் கட்டிக் கையை வெளியே நீட்டி, கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பவர் போல, "வாங்க, போங்க, வீட்ல சௌக்கியமா?" என்று ஒவ்வொருவரையும் முன்னால் அனுப்பிவைப்பார். ஒரு பள்ளிக்கூடப் பேருந்து, இரண்டு டாக்ஸி, ஒரு வைக்கோல் டிராக்டர். ஆம், டிராக்டரும்தான். வண்டிக்குள் கத்தினால்தான் பேச்சு கேட்கும். "இதுக்குள்ள ரகசியமே கிடையாது. என் பொண்டாட்டி என்னைத் திட்டினா முன்னாடி போறவனும் திரும்பிப் பாப்பான்."

அந்தப் பொண்டாட்டிக்குப் பெயர் சல்கின். மெலிந்த, அதிகம் பேசாத பெண். அவருக்குச் சிரிப்பே வராத விஷயம் ஒன்று உண்டு, அது எருலுக்.

கோடை வந்ததும் குடும்பம் குடும்பமாக மேலே மேய்ச்சல் வெளிக்குக் குடிபெயர்வோம். முதலில் போய்க் கூடாரம் போட்டவர்கள், பின்னால் வந்து இறங்குகிறவர்களைக் கூப்பிட்டு வயிறாரச் சாப்பிடவைக்கவேண்டும். அதுதான் எருலுக். ஆடுகளும் மகன்களும் முன்கூட்டியே போனது கணக்கில் சேராது. வீட்டுக்காரியும் அடுப்பும் கூடாரமும் வந்தால்தான் குடும்பம் வந்ததாக அர்த்தம். ஷிஷிகா வாங்கியதிலிருந்து ஷார்ஷென் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் கடைசி. ஒவ்வொரு கோடையிலும் அண்டை வீடுகளில் தின்றார்கள். ஒருவருக்கும் போட்டதில்லை.

"என் ஆடே எனக்கு முன்னாடி போயிருது, நான் என்ன பண்ண?" என்று ஷார்ஷென் எலும்பைச் சப்பிக்கொண்டே சொல்வார். விருந்து போடுகிறவர்கள் சிரிப்பார்கள். சல்கின் சிரிக்கமாட்டார். போன வருஷம் அவருடைய தம்பி பெண்டாட்டி பாத்மா, எல்லோர் முன்னாலும் தட்டை நீட்டிக்கொண்டே, "அக்கா, உங்க பானையோட அடி இன்னும் கறுக்கவே இல்லையாமே?" என்று கேட்டாள். சல்கின் அந்தத் தட்டை வாங்கினார். தின்னவில்லை.

இந்த வருஷம் குடிபெயர்வதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத அவர்களோடு ஏறிக்கொண்டேன். இருட்டு பிரிவதற்குள் சல்கினே எல்லாவற்றையும் கட்டி ஏற்றிவிட்டார். மற்ற மூன்று குடும்பங்களும் காலைச் சாப்பாட்டை முடித்துத்தான் கிளம்பும். எனக்கு இடம் இன்ஜின் பெட்டியின் மேல், மடித்த கம்பளத்தில். ஆசிரியரிடம் மாலைக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் ஏற்றத்திலேயே, அது எந்த மாலை என்று சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று என்று தோன்றியது.

கணவாய்க்கு வெகு முன்பே மூன்று வண்டிகளும் எங்களைப் பிடித்துவிட்டன. ஷார்ஷென் வழக்கம்போல ஓரம் கட்டினார். சல்கின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியாகப் போனது அவருடைய தம்பி ஒமுர்பேக்கின் குட்டி லாரி. அவன் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினான்.

"மச்சான்! உங்களுக்கு ஒரு தொடைக்கறி எடுத்து வைக்கிறோம். ஈ மொய்க்கிறதுக்குள்ள வந்துருங்க!"

"கொழுப்பா பாத்து வைடா!" என்றார் ஷார்ஷென்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு சல்கினின் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

கணவாய் ஏற்றத்தில் இரவு பெய்த மழையும் உருகிய பனியும் சேர்ந்து பாதையைக் கூழாக்கியிருந்தன. மூன்று வண்டிகளும் அதில் அச்சுவரை இறங்கி வரிசையாக நின்றன. ஒமுர்பேக் முழங்கால்வரை சேற்றில். பாத்மா கைக்குழந்தையோடு ஒரு பாறைமேல். இடது பக்கம் புல்சரிவு. ஷிஷிகா தாராளமாகச் சுற்றிப் போகலாம்.

ஷார்ஷென் பிரேக்கை மிதித்தார். பின்னால் துழாவவில்லை. "என்னம்மா, சுத்திப் போயிரலாமா? நாமதான் முதல்" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

சல்கின் பாறையைப் பார்த்தார். "போய்? இவங்களைச் சேத்துல விட்டுட்டு அங்க யாருக்கு ஆக்கிப் போடறது? இறங்குங்க, கயித்தை எடுங்க."

சேற்றில் ஷிஷிகா, தார் ரோட்டில் போன அதே வேகத்தில் போயிற்று. "இதுக்கு எல்லா ரோடும் ஒண்ணுதான் தம்பி. சமத்துவம்!" ஒவ்வொரு வண்டியாக உச்சிக்கு இழுத்துப் போய் விட்டு, திரும்ப இறங்கி வந்தார். கணவாயில் ஒருவர் மாட்டிக்கொண்டால் மேலே போனவர்கள் காத்திருப்பது வழக்கம், காத்திருந்தார்கள். கடைசியில் ஒமுர்பேக்.

"மச்சான், மெதுவா இழுங்க, முன்பக்கம் பிஞ்சிரும்!"

"மெதுவாவா? என்கிட்டயாடா சொல்றே?"

உச்சியில் கயிற்றை அவிழ்த்து, எல்லோருமாக உள்ளங்கையை விரித்து நல்வாக்குச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஒருவர் புட்டியைத் திறந்தார். ஷார்ஷென் கிண்ணத்துக்குக் கை நீட்டியபோது வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏங்க. ஏறுங்க."

ஏறினார். அவர்கள் சுமைகளை இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் நாங்கள் இறங்கத் தொடங்கிவிட்டோம். இறக்கம் காய்ந்த சரளைப் பாதை. ஒரு வண்டிக்குத்தான் அகலம். அங்கங்கே ஒதுங்க இடம் விட்டிருக்கிறார்கள். இரண்டு வளைவுக்குள் பின்னால் ஹாரன் கேட்டது. ஒன்று, பிறகு மூன்றும்.

சல்கின் காலடியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்தார். மாவைக் கொட்டினார். குடுவையிலிருந்து பாலை ஊற்றினார். குலுக்கலில் பாதி என் கால்சட்டையில் விழுந்தது. எருலுக்குக்குப் பொரிக்கிற போர்சோக் ரொட்டித் துண்டுகளுக்கான மாவை, ஓடுகிற ராணுவ லாரியில் ஒருவர் பிசைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பின்னாடி பாத்மாவோட பிள்ளைங்க இருக்குதுங்க" என்று ஷார்ஷென் கத்தினார். "பசிக்கும்."

"பசிக்கட்டும். நல்லாப் பசிக்கட்டும்."

கீழே மேய்ச்சல் வெளி தெரிந்தது. பச்சை நடுவில் எங்கள் ஆடுகள். ஒரு கூடாரமும் இல்லை, ஒரு புகையும் இல்லை. ஹாரன் நீளமாக ஒலித்தது. வலது பக்கம் ஒதுங்குமிடம் வந்தது. ஷார்ஷெனின் இடது கை தானாகவே ஜன்னலுக்கு வெளியே போயிற்று. "வாங்க, போங்க" என்று வாய் ஆரம்பித்தது. வண்டி மெல்ல ஓரத்துக்குச் சாய்ந்தது.

சல்கின் மாவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. என் மடிக்குக் குறுக்கே எட்டி, ஈரமாவு ஒட்டிய கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகத் திருப்பிவிட்டு, மறுபடி பிசையத் தொடங்கினார்.