கையில் தூக்கிய சாமான்

இரத்தினபுரி கம்ப்யூட்டர் வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி நிவித்திகலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வருவாள். யோசிக்கும்போது அவள் விரல்கள் காற்றில் எதையோ இடம் மாற்றிக்கொண்டிருக்கும்.

அன்று ஒரு வரிசை எண்களைத் தலைகீழாக்கச் சொன்னார்கள். நான் புது வரிசை ஒன்றைத் திறந்து அதில் எழுதினேன். அவள் ஓர் எண்ணை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, அதே வரிசைக்குள்ளேயே இடம் மாற்றினாள்.

“இன்னொன்னு தொறக்கலாமே?” என்றேன்.

“எங்க லயத்து வீட்டுல ஒரே காம்பரா, ஒரே ரூமுதாங்க. வெளிய வைக்கலாம்னா மழை. ஒரு சாமான கையில தூக்கிக்கிட்டாத்தான் மத்தது நகரும்.”

“பழைய வரிசை அழிஞ்சிருமே?”

ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துச் சிரித்தாள். “அழிஞ்சாத்தானேங்க அடுத்தது வந்து உக்காரும்.”

அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள். அவள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பெயர்கூடத் தெரியாத அவளை, இறக்கி வைக்க இடமில்லாமல், நான்தான் இன்னும் கையில் வைத்திருக்கிறேன்.